எண்ணூறு மீட்டரும் என் அண்ணன் மகளும்

இந்தத் தடவை சமையலறையை விட்டுக் கொஞ்சம் வெளியே வரலாம் என்று பார்க்கிறேன். நார்த்தங்காய்ப் பச்சடி பற்றிக் கேட்டு எழுதிய சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதற்கு அடுத்த இதழில் பதில் உண்டு. சில மாதங்களாக ஒரு விஷயம் என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை இறக்கி வைக்காமல் ஊறுகாய்ப் பக்குவம் எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது.

என் பெரிய அண்ணனுக்கு ஒரே மகள். நாலரை வருஷம் பிசியோதெரபி படித்தாள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை. மாதம் இருபத்தெட்டாயிரம் சம்பளம். காலேஜில் கோ-கோ விளையாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள், அந்த முழங்காலுக்கு வைத்தியம் பார்த்த அம்மாளைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கே ஆசைப்பட்டாள். 2022 தீபாவளிக்குத் திருச்சிக்கு எங்கள் வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தபோது, அதிரசம் பிட்டுக்கொண்டே சாவகாசமாகச் சொல்கிறாள்:

“அத்தை, நான் பத்திரிகைக்கு எழுதப் போறேன். விளையாட்டு, உடம்பு, அதைப் பத்தின ஆராய்ச்சி. ஆஸ்பத்திரி வேலையைப் பாதியாக் குறைச்சுக்கப் போறேன்.”

அண்ணிக்குக் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்விட்டார். இருபத்தொன்பது வயசு. அந்தத் தை மாதம் ஒரு இடம் கூடி வருகிற மாதிரி இருந்தது. பேங்கில் படிப்புக் கடன் இன்னும் பாக்கி. “நீயாவது சொல்லும்மா, நீ சொன்னா கேப்பா” என்று அண்ணன் என்னிடம் வந்து நின்றார்.

நானும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். “கையிலே தொழில் இருக்கிறப்ப காகிதத்தை நம்பி இறங்குவாங்களாடி?” என்றேன்.

“நீங்களும்தானே எழுதறீங்க?”

“நான் சாப்பாட்டைப் பத்தி எழுதறேன், சாப்பாட்டுக்காக எழுதலை” என்று வாயை அடைத்தேன். அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஏன் இந்த எண்ணம் வந்தது என்று சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு முழங்கால் வலியோடு வரும் அம்மாள், நடக்கவே கூடாது என்று செல்போனில் யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு நாலு மாசம் உட்கார்ந்தே இருந்து, காலில் இருந்த கொஞ்சநஞ்ச பலத்தையும் இழந்து வருகிறாளாம். ஷட்டில் ஆடும் பெண்ணின் தாய், குளுக்கோஸ் பொடி கரைத்துக் கொடுத்தால் போதும், சோறு வேண்டாம் என்று நம்பிக்கொண்டு வருகிறாளாம். “ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கறேன் அத்தை. வெளியில நாலு பேர் காத்திருக்காங்க, அவங்களும் அதே தப்பைத்தான் படிச்சுட்டு வந்திருக்காங்க. அந்தத் தப்பு அச்சாகிற இடத்துக்கே போயிடலாம்னு தோணுது.”

இப்படித் தொழில் மாறினவர்கள் உண்டா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். (அவருக்கு எதற்கும் முன்னுதாரணம் வேண்டும். ரசத்தில் தக்காளியைக் கூட்டினால்கூட யார் வீட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பார்!) அவள் தயாராக வைத்திருந்தாள். கனடாவில் அலெக்ஸ் ஹட்சின்சன் என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், தன் நாட்டு அணிக்காக ஓடியவர். அதையெல்லாம் வைத்துவிட்டு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழில் படித்து, உடம்பின் தாங்கும் சக்தியைப் பற்றி எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டார். 2018-ல் ‘எண்ட்யூர்’ என்று அவர் புத்தகம் வந்தது. அவருக்கும் முன்னால் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷீஹன் என்று இருதய டாக்டர் ஒருவர், நாற்பது வயதுக்கு மேல் மறுபடி ஓட ஆரம்பித்து, ஓட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதத் தொடங்கி, 1978-ல் அவர் போட்ட புத்தகம் அந்த நாட்டில் சக்கைப்போடு போட்டது. “அவங்க எல்லாம் ஆம்பளைங்க, வெள்ளைக்காரங்க” என்றார் அண்ணன் திண்ணையிலிருந்தே.

சரி, அவள் கேட்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் குதிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். காலையில் எட்டிலிருந்து ஒரு மணி வரை ஒரு சின்ன கிளினிக்கில் வேலை, பதினாலாயிரம் ரூபாய். அதில் கடன் தவணையும் அறை வாடகையும் போய்விடும். சனி ஞாயிறு வகுப்பாக ஒரு வருஷப் பத்திரிகை டிப்ளமா படித்தாள். முதல் வருஷம் அனுப்பியதில் பதினோரு கட்டுரைகள் திரும்பி வந்தன. இரண்டு அச்சாயின. ஒரு ஆசிரியர் மட்டும் கூப்பிட்டு, “அம்மா, நீங்க டாக்டருக்குக் கடிதம் எழுதற மாதிரி எழுதறீங்க. உங்க அத்தைக்கு எழுதற மாதிரி எழுதுங்க” என்றாராம். அன்றிலிருந்து எழுதியதை எனக்கு அனுப்பி, எந்த வரியில் எனக்குக் கொட்டாவி வருகிறது என்று கேட்க ஆரம்பித்தாள். நான் பத்தாவது பெயில் ஆகாமல் பாஸ் செய்தவள், அவ்வளவுதான். ஆனாலும் கொட்டாவி எனக்கும் வரும் இல்லையா?

தை மாதத்து இடம் போய்விட்டது. “நிரந்தரமான வேலையை விட்ட பொண்ணாமே” என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அண்ணி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இனிமேல்தான் என் கதை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் படிக்கிற பத்திரிகை இது.

என் சின்னவள் ஓடுவாள். எண்ணூறு மீட்டர். 2024-ல் பதினொன்றாம் வகுப்பு. அந்த வருஷம் மாவட்டப் போட்டிக்காகக் காலை ஐந்து மணிக்கு மைதானம், சாயங்காலம் மறுபடி மைதானம். நடுவில் பள்ளிக்கூடம், டியூஷன். எடை குறைந்தால் நேரம் குறையும் என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு காலையில் வெறும் காப்பி, மத்தியானம் டப்பாவில் பாதிச் சோறு, ராத்திரி இரண்டு இட்லி. கேட்டால் “வயிறு கனமா இருந்தா ஓட முடியாதும்மா” என்பாள். மெடல் வாங்குகிற பெண், அவளுக்குத் தெரியாதா என்று நானும் விட்டுவிட்டேன்.

சித்திரைக்குப் பிறகு அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று போயிற்று. நான் கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கவனித்தேன். முதல் மாதம் பயந்தேன், என்னென்னவோ நினைத்தேன். பிறகு அவளிடம் கேட்டபோது, ஓடுகிற பெண்களுக்கு இப்படித்தான், நல்லதுதான், தொந்தரவு விட்டது என்று மைதானத்தில் சொன்னார்களாம். எனக்கும் ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது. ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போக, போட்டிக்கு வெளியூர் அனுப்ப, எதற்கும் இடைஞ்சல் இல்லை. பெற்ற தாய் இப்படி நினைத்தேன்.

ஆவணியில் காலில் வலி என்றாள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில். எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். நொண்டிக்கொண்டே ஓடினாள்.

அந்தச் சமயம் அண்ணன் மகள் ஒரு கட்டுரை விஷயமாகத் திருச்சிக்கு வந்தவள் எங்கள் வீட்டில் தங்கினாள். ராத்திரி சின்னவளின் காலை மடியில் வைத்துக்கொண்டு விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், தொட்டதும் பெண் துள்ளிவிட்டாள். இவள் முகம் மாறிற்று. பிறகு மெதுவாக, “கடைசியா எப்போ தலைக்கு ஊத்திக்கிட்டே?” என்றாள். சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாளே அவளே அழைத்துக்கொண்டு போனாள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ப்ராக்சர் என்கிறார்கள். ஆரம்பத்தில் இது எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாதாம். பெண் டாக்டரிடம் காட்டி, தைராய்டு, ரத்தம், வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை. செலவழிக்கிற அளவுக்கு உடம்புக்கு வரவு இல்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா.

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணன் மகள்தான் விளக்கினாள். “அத்தை, சம்பளம் பாதியாக் குறைஞ்சா நீங்க முதல்ல எதை நிறுத்துவீங்க? புதுப் புடவை, சினிமா. வாடகையையும் அரிசியையும் கடைசி வரைக்கும் விட மாட்டீங்க. உடம்பும் அப்படித்தான். இருதயத்துக்கும் மூளைக்கும் போறதை நிறுத்தாது. பிள்ளை பெத்துக்கற ஏற்பாட்டை முதல்ல நிறுத்திடும். அது நின்னா ஈஸ்ட்ரோஜன் குறையும், அது குறைஞ்சா எலும்புக்குச் சேர வேண்டியது சேராது. இந்த வயசுலதான் எலும்புக்கு ஆயுசுக்கும் வேண்டியது பெரும்பாலும் சேரும், அதையே இழந்தா அறுபது வயசுல இடுப்பு உடையும்.” விளையாடும் பெண்களுக்கு வரும் இந்தக் கோளாறைப் பற்றி டாக்டர்கள் 1990-களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதை ஒரு தனிக் கோளாறாகப் பெயரிட்டு அறிக்கை விட்டது, ஆண்களுக்கும் வரும் என்று சேர்த்துச் சொல்லியது. இத்தனை வருஷம் ஆகியும் அது எங்கள் பேட்டை மைதானத்துக்கு வந்து சேரவில்லை. “அதுக்குத்தான் அத்தை நான் வேலையை விட்டேன்” என்று அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஓடுகிற ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டேன். “இனிமே ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது” என்று கத்தினேன். சின்னவள் அழுதாள்.

அப்போதுதான் அண்ணன் மகள் எனக்கு 1928-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னாள். அந்த வருஷம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களை முதன்முதலாகத் தடகளத்தில் சேர்த்தார்கள். எண்ணூறு மீட்டரும் இருந்தது, என் பெண் ஓடுகிற அதே தூரம். இறுதிப் பந்தயத்தில் ஒன்பது பேர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 நொடியில் வந்து உலக சாதனை செய்தார். ஜப்பானின் கினுயே ஹிதோமி இரண்டாவது. ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள், படச்சுருள் இன்றும் இருக்கிறது. முடித்தபின் சிலர் களைத்துத் தரையில் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். ஆண்கள் செய்யாததா? ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் என்ன வந்தது? பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கவே பரிதாபம், இவ்வளவு தூரம் பெண் உடம்புக்கு ஆகாது என்று வந்தது. ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர், பதினோரு பேர் ஓடியதாகவும் அதில் ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டதாகவும் எழுதினார். ஓடினதே ஒன்பது பேர்! அந்த எழுத்தெல்லாம் சேர்ந்து எண்ணூறு மீட்டரை எடுத்தேவிட்டார்கள். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்ப வந்தது. முப்பத்திரண்டு வருஷம்! அதுவரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருநூறு மீட்டருக்கு மேல் ஓட்டப் பந்தயமே கிடையாது. 1928-ல் பிறந்த பெண் குழந்தைகள் ஓடி, கல்யாணமாகி, பிள்ளை பெற்று முடிக்கிற காலம்.

“ஓட்டத்தை நிறுத்தறது ரொம்ப சுலபம் அத்தை. சாப்பாட்டைச் சரி பண்ணறதுதான் கஷ்டம்” என்றாள்.

நம் பி.டி. உஷாவையும் சொன்னாள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்றே, அது நம் தலைமுறைக்கே ஆறாத புண் அல்லவா? அங்கே ஒத்துவந்த சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தேன், கடைசி முப்பத்தைந்து மீட்டரில் சக்தி இல்லை என்று உஷாவே பல வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தொண்டையை அடைத்தது. கஞ்சியும் ஊறுகாயும் போட்டு அனுப்பிய தாய்மார்களில் நானும் ஒருத்தி. என் வீட்டில் நெத்திலியும் முட்டையும் இல்லாமலா போயிற்று?

ஷூ பரணிலேயே இருந்தது, எட்டு வாரத்துக்கு. காலுக்கு ஓய்வு வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஆனால் சமையலறை மாறியது. மைதானத்துக்குக் கிளம்புமுன் வெறும் காப்பி கிடையாது, ஒரு வாழைப்பழம், இரண்டு வேர்க்கடலை உருண்டை. திரும்பி வந்த அரை மணிக்குள் சுண்டலோ முட்டையோ, பாலில் கரைத்த கேழ்வரகுக் கஞ்சியோ. மத்தியான டப்பா ஒன்றுக்கு இரண்டு. சாப்பாட்டோடு காப்பி, டீ கிடையாது, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை அது சேர விடாதாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஓடாமல் உட்கார்ந்திருக்கிற வாரங்களில் எதற்கு இவ்வளவு என்று நான் கையைக் குறைத்தபோது, விரிசல் ஒட்டவும் சாப்பாடுதான் வேண்டும் என்று திட்டு வாங்கினேன்.

பெண் குழந்தை வைத்திருக்கிற சகோதரிகளுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் நின்றால், விளையாடுகிற பெண்ணோ படிக்கிற பெண்ணோ, டாக்டரிடம் காட்டுங்கள். பதினைந்து வயது முடிந்தும் பெரியவளாகவில்லை என்றாலும் காட்டுங்கள். ஓடுகிறவளுக்கு அப்படித்தான் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அண்ணன் மகள் இதைக் கட்டுரையாக எழுத வேண்டும் என்றாள். நான் பதறிப்போனேன். நாளைக்கு இவளுக்கு வரன் பார்க்க வேண்டாமா? ஊரெல்லாம் விரிசல் எலும்பு, நின்று போனது என்று தெரிந்தால்? அவள் என்னிடம் வாதாடவே இல்லை. நேரே சின்னவளிடம் போய், “உன் விஷயம் இது, நீ வேண்டாம்னா எழுத மாட்டேன்” என்றாள். பதினாறு வயசுப் பெண்ணிடம் உத்தரவு கேட்டது எனக்கு முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. சின்னவள் யோசித்துவிட்டு, “எழுதுங்கக்கா. பேரும் ஊரும் போடாதீங்க. பொண்ணுங்க ஓடக்கூடாதுன்னு மட்டும் எழுதிடாதீங்க” என்றாள். (இப்போது நான் எழுதுவதற்கும் அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊர் பேர் போட்டுக்கொள், அத்தனை பெரிய ஊரில் யாருக்குத் தெரியும் என்று விட்டாள்.)

கட்டுரை எழுத அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான் ஒரு மத்தியானத்தில் எழுதுகிற ஆள், எனக்கு ஆச்சரியம். இரண்டு டாக்டர்களிடம் பேசினாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்து, அதில் எத்தனை பேரைப் பார்த்தார்கள், ஆண்களா பெண்களா, எலியிலா மனுஷரிலா, பணம் கொடுத்தது யார், சத்துப்பானம் விற்கிறவனா என்றெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். விளையாட்டு மருத்துவத்தில் பேர் பெற்ற மூன்று பத்திரிகைகளில் 2011 முதல் 2013 வரை வந்த ஆராய்ச்சிகளை 2014-ல் கணக்குப் பார்த்தார்களாம், கலந்துகொண்டவர்களில் பெண்கள் 39 சதவீதம்தான். நம் உடம்பைப் பற்றிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உடம்பைப் பார்த்துப் பதில் சொல்கிற மாதிரி! பயிற்சியாளரையும் போய்ப் பார்த்தாள். நான் சண்டை போடச் சொன்னேன். அவளோ, அவருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை என்பதையும் எழுதினாள். எனக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.

2024 கார்த்திகையில் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்தது, முக்கால் பக்கம். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். பெட்ரோலும் பஸ்ஸும் போனால் மிச்சம் என்ன என்று அண்ணன் கணக்குப் போட்டார். ஆனால் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததை அண்ணி பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். கல்யாணப் பேச்சு இன்னும் நடக்கிறது, வேலை என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று அண்ணிக்கு இன்னும் திண்டாட்டம்தான். பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

தை மாதம் சின்னவளுக்குத் தலைக்கு ஊற்றினோம். மாசியில் மறுபடி. ஷூவை அவளே பரணிலிருந்து எடுத்துத் துடைத்தாள். முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும் கலந்து. முன்னே இருந்த வேகம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அந்த வருஷ மாவட்டப் போட்டி போனது போனதுதான், அதற்காக என்மேல் கொஞ்சம் கோபம் அவளுக்கு இருக்கிறது.

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். அடுத்த கட்டுரை நாற்பதைத் தாண்டிய வீட்டுப் பெண்களின் கால் பலத்தைப் பற்றியாம். “அத்தை, ஒரு நாற்காலியில உட்காருங்க. கையை மார்பிலே கட்டிக்குங்க. ஊன்றாம எழுந்து எழுந்து உட்காருங்க, முப்பது நொடியில எத்தனை தடவைன்னு மாமாவை எண்ணச் சொல்லுங்க” என்றாள். அவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு சாவதானமாக எண்ணினார். எட்டு முறை எழுந்தேன். ஒன்பதாவதில் குக்கர் விசில் அடித்துவிட்டது.